தொட்டிலில் கிடந்தவன்

பிள்ளை பெற்ற மறுநாளே அலூயா எழுந்து மரவள்ளி துருவப் போய்விட்டாள். பிள்ளை பெறாத தெக்ரிதான் கூரைக்குக் கீழே உயரக் கட்டிய பருத்தித் தொட்டிலில் படுத்துக் கிடந்தான். தலைச்சன் பிள்ளைக்குத் தகப்பனானவன் கரீபியத் தீவுக் குடிகளான கலினாகோக்களின் ஊரில் அப்படித்தான் கிடக்க வேண்டும். காய்ந்த மரவள்ளி ரொட்டியின் நடுப்பாகமும் தண்ணீரும்தான் ஆகாரம். ரொட்டியின் ஓரத்தைத் தின்னாமல் கூடையில் சேர்த்து வைக்க வேண்டும். விரதம் முடிகிற அன்று ஊர் கூடி அந்த ஓரங்களைத்தான் தின்னும். அதுவரை மீன், பறவை, நண்டு எதையும் தொடக்கூடாது. கத்தியோ கோடரியோ பிடிக்கக்கூடாது. கால் தரையில் படக்கூடாது. தகப்பன் நண்டு தின்றால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும். தகப்பன் கத்தியை ஓங்கினால் அந்த வெட்டு பிள்ளைமேல் விழும். தாயோடு இருந்த கொடியைப் பிறந்த அன்றே அறுத்துவிடுகிறார்கள், தகப்பனோடு இருக்கிற கொடி அறுவதற்கு நாளாகும்.

தெக்ரிக்கு இதிலெல்லாம் குறை ஒன்றும் இல்லை. ஆண் பிள்ளை, நல்ல சிவப்பு, நல்ல தொண்டை. பிறந்த நேரம்தான் சரியில்லை. ஊரே சண்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் முதலில் வந்தபோது ஆற்றங்கரையில் தலைசாய்க்க இடம் போதும் என்றார்கள். கொஞ்சம் கண்ணாடி மணி, கொஞ்சம் கத்தி, கொஞ்சம் சாராயம் கொடுத்தார்கள். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல இடத்தைக் காட்டினார்கள் கலினாகோக்கள். அதன்பிறகு வெள்ளைக்காரன் வேலிக்குக் கால் முளைத்துவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் அது ஒரு குன்றைத் தாண்டியது. காட்டை வெட்டிப் புகையிலை போட்டார்கள். ஏன் என்று கேட்கப் போனவர்களைச் சுட்டார்கள். போன கோடையில் மேற்குக் குடியிருப்பைக் கொளுத்திவிட்டு, அங்கிருந்த பெண்களைக் கோட்டைக்குள் ஓட்டிக்கொண்டு போய்ப் புகையிலை நட வைத்தார்கள். அதற்குமேல் பொறுப்பதற்கு யாருக்கும் மனசில்லை.

கோட்டையின் முன்பக்கம் பீரங்கி இருந்தது. பின்பக்கம் கடலுக்கும் பாறைச்சுவருக்கும் நடுவில் ஒரு குறுகலான வழி உண்டு. கோட்டை வருவதற்கு முன்பு அங்கே மீன் பிடித்தவன் தெக்ரி ஒருவன்தான். மழை கொட்டுகிற பிற்பகலில், துப்பாக்கித் திரி நனைந்து பற்றாத நேரத்தில், அந்த வழியாகப் படகுகளைக் கொண்டுபோக வேண்டும் என்பது திட்டம். முதல் படகின் முனையில் நிற்கிறவனுக்குத் திரும்பி வந்ததும் ஊர் புதுப்பெயர் வைக்கும். அந்தப் பெயர் தனக்குத்தான் என்று தெக்ரி எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தான்.

பிள்ளை பிறந்ததும் அலூயாவின் அப்பா, அவர்தான் ஊர்த்தலைவர், அந்த இடத்தைக் கவாரேக்குக் கொடுத்தார்.

வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் தெக்ரி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பான். கவாரே அலூயாவின் அத்தை மகன். கட்டிக்கொள்ளும் முறை அவனுக்குத்தான் இருந்தது. தெக்ரி அயலூர்க்காரன், ஒரு சண்டையில் பேர் வாங்கியதைப் பார்த்துத்தான் தலைவர் பெண்ணை அவனுக்குக் கொடுத்தார். கவாரே அப்போது முகம் சுளிக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்து நன்றாகக் குடித்தான், நன்றாக ஆடினான், போய்விட்டான். சண்டை போட்டிருந்தால் தெக்ரி அதை அன்றோடு மறந்திருப்பான். ஒன்றும் சொல்லாமல் போனவனை எப்படி மறப்பது?

வழி கேட்டுக்கொள்ள வந்த கவாரே தொட்டிலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.

"என்ன அண்ணே, தாயும் புள்ளையும் சுகமா?"

"வாய்க்கொழுப்பைப் பாரு. ஒனக்கும் ஒருநாள் வரும்டா, அப்போ கேக்கறேன்."

கவாரே சிரித்தான். அந்தச் சிரிப்பு வழக்கத்தைவிடச் சீக்கிரம் நின்றுபோனதைத் தெக்ரி கவனித்தான். மேலே கிடப்பவனுக்குக் கவனிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கவாரே அடுப்புச் சாம்பலைத் தரையில் பரப்பிக் கோடு போட, எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம், எங்கே துடுப்பைத் தூக்க வேண்டும் என்று தெக்ரி மேலேயிருந்து சொல்லிக்கொண்டு வந்தான். நடுவில் மாமியார் சுட்ட மீனும் நண்டுக் காரக்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். வாசனை மேலே ஏறி வந்து தெக்ரியின் குடலைப் பிடித்து இழுத்தது. கவாரே அதைத் தள்ளி வைத்துவிட்டு, வயிறு சரியில்லை அத்தை என்று சொல்லிக் காய்ந்த ரொட்டி மட்டும் கேட்டான். ரொட்டியின் நடுவைப் பிய்த்துத் தின்றான். ஓரத்தைச் சத்தமில்லாமல் இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

தெக்ரி தலையை நிமிர்த்திப் பார்த்தான். அவன் தலைக்குமேல் தொங்கிய கூடையிலும் அதே ஓரங்கள் இருந்தன. ஊரில் பிள்ளை பெற்றிருப்பது ஒருத்தி, விரதம் இருப்பது இரண்டு பேர்.

அன்றிலிருந்து அவன் கண் கவாரேயைவிட்டு நகரவில்லை. கீற்றின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே கிடந்தான். படகுக்குத் துடுப்பு செதுக்கும்போது கவாரே கோடரியைத் தொடவில்லை, கூட்டாளியிடம் தள்ளிவிட்டான். அம்பு சீவுகிற இடத்தில் கதை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லாரும் வாள்போல ஏதாவது கூராக எடுத்துக்கொள்ள, அவன் ஒரு போர்த்தடியை மட்டும் எடுத்துக்கொண்டான். மற்றவர்களுக்கு இது கண்ணில் படவில்லை. தகப்பனாக விரதம் கிடப்பவனுக்கு எப்படிப் படாமல் போகும்? போதாததற்கு, கவாரே அலூயாவோடு பெண்கள் பாஷையில் பேசினான். கலினாகோ ஆண்களுக்கு ஒரு பாஷை, பெண்களுக்கு ஒரு பாஷை. அம்மா மடியைவிட்டு இறங்கிய பிறகு ஆண்பிள்ளை அதைப் பேசினால் கேலி செய்வார்கள். அந்த வெட்கத்தையும் விட்டு அவளிடம் குசுகுசுக்க அவனுக்கு என்ன இருக்கிறது? அவள் "அத்தான்" என்று கூப்பிடுவது மட்டும் தெக்ரியின் காதில் தெளிவாக விழுந்தது. வயிறு காலியாக இருந்ததால் பொறாமைக்கு நிறைய இடம் கிடைத்தது.

அலூயா தண்ணீர் கொண்டுவந்தபோது கேட்டேவிட்டான்.

"ஒங்க அத்தான் ஏன் மீன் திங்கறதில்ல?"

அவள் கை ஒரு நொடி நின்றது. "அவரு வயிறு. எனக்கென்ன தெரியும்?"

"ரொட்டி ஓரத்தைப் பையில போடறானே, அதுவும் வயித்துவலிக்கா?"

அவன் எதைச் சொல்ல வருகிறான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சுரைக்குடுவையைத் தரையில் வைத்தாள். பால் கட்டிய மார்போடு, துருவிய கையில் தோல் உரிந்து, தூக்கமில்லாமல் நின்றவள் குரலை உயர்த்தவில்லை.

"சந்தேகம் இருந்தா எறங்கி வந்து நண்டைத் தின்னு. புள்ள ஒன்னுதுன்னா அதுக்கு வலிக்கும். துடிக்கறதைப் பாத்தாத்தான் ஒனக்கு மனசு ஆறும்னா தின்னேன், யாரு தடுக்கறா?"

தெக்ரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இறங்கினால் பிள்ளைக்கு ஆபத்து. இறங்காவிட்டால் இந்தப் புகைச்சல். கவாரேக்கு என்ன, தெக்ரியின் இடத்தில் நின்று பெயரும் வாங்கப்போகிறான், தெக்ரியின் வீட்டில் பிள்ளையும் வளர்க்கப்போகிறான்.

படகுகள் கிளம்புவதற்கு முந்தின மாலை கவாரே கடைசித் தடவையாக வந்து எல்லாவற்றையும் ஒப்பித்தான். இரட்டைப் பாறை வரைக்கும் சரியாகச் சொன்னான்.

"அதுக்கப்புறம், அண்ணே?"

அதற்கப்புறம் இடதுபக்கம் பாறைச்சுவரைத் தோள் உரசுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு போக வேண்டும். நேரே போனால் தண்ணீருக்கடியில் ஒரு பாறை படுத்திருக்கிறது. மழையில் ஆறு கலங்கி வந்து கடலில் விழுந்தால் அது கண்ணுக்கே தெரியாது. தெக்ரி அந்த முகத்தைப் பார்த்தான். விரதத்தால் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தன் முகமும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைத்தபோது அவன் உடம்பெல்லாம் எரிந்தது.

"அப்புறம் என்ன, நேரே போ."

இரவு முழுக்கத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். முதல் படகு ஒன்றுதான் மோதும். பின்னால் வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். எல்லாருக்கும் நீந்தத் தெரியும். கோட்டைக்குப் பக்கத்தில் நீந்துகிறவன் தலைக்கு என்ன ஆகும் என்கிற யோசனையை மட்டும் அவன் கிட்டே சேர்க்கவில்லை.

விடிந்ததும் சங்கு ஊதிப் படகுகள் போய்விட்டன. நிலமுனையைச் சுற்றிக்கொண்டு போய், கோட்டைக்கு எதிரே இருக்கிற சின்னத் தீவின் மறைவில் மழைக்காகக் காத்திருப்பார்கள். ஊரில் பெண்களும் கிழவர்களும் தெக்ரியும்தான் மிச்சம். அலூயா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரொட்டியோடு வந்தாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"புள்ளையோட அப்பன் போயிட்டான். திரும்பி வரானா பாப்போம்," என்றான்.

அலூயா அவனை வெறித்துப் பார்த்தாள். பிறகு தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். மேற்குக் குடியிருப்பில் இசூலி என்று ஒருத்தி. கவாரேக்கும் அவளுக்கும் இருந்தது இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் அவளை ஓட்டிக்கொண்டு போகும்போது அவள் வயிற்றில் கவாரேயின் பிள்ளை. கோட்டையிலிருந்து தப்பி வந்த ஒரு பெண் அவளுக்கு மாசம் நிறைந்துவிட்டது என்று அலூயாவிடம் சொன்னாள், அலூயா அவனிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவன் விரதம் இருக்கிறான். வெளியே தெரிந்தால் அவனையும் தொட்டிலில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவளைக் கொண்டுவர அவன் போக வேண்டாமா?

"ஏங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே எங்கப்பாகிட்டப் போட்டுக் கொடுத்திருப்ப. ஒன் எடத்துல அவரு நிக்கறது ஒனக்குப் பொறுக்குமா?"

உண்மைதான். தெக்ரிக்கு நெஞ்சில் முதலில் வந்தது நிம்மதி. பிள்ளை என்னுடையது. அது நெஞ்சில் நிறைவதற்குள் அடுத்தது வந்தது.

"அலூயா, அந்த வழியில ஒரு பாறை இருக்கு. நான் அதைச் சொல்லல."

"மறந்துட்டியா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். நீ இறங்கினால் இதற்கு என்ன ஆகும் என்று அவள் கண் கேட்டது. வாய் வேறு சொன்னது.

"முதல் படகுல எங்கப்பா இருக்காரு. எறங்கு."

தெக்ரி இறங்கினான். குதிகால் தரையில் பட்டதும் பிள்ளை பக்கம் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு ஓடினான். படகுகள் நிலமுனையைச் சுற்றித்தான் போகும். மலைக்குக் குறுக்கே போனால் மழைக்கு முன்னால் பிடித்துவிடலாம். குறுக்கு வழியில் வருஷக்கணக்காக ஆள் நடமாட்டம் இல்லை. கொடிகள் பின்னிக் கிடந்தன. கொஞ்ச தூரம் கையாலேயே பிய்த்துப் பார்த்தான், முடியவில்லை. வரும்போது வாசலில் இருந்து எடுத்து வந்த கத்தியால் வெட்டினான். ஒரு வெட்டுக்கு ஒரு தடவை, அப்பா தெரியாமல் செய்கிறான், உன்னை இல்லை, உன்னை இல்லை என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே வெட்டினான். விரதத்தில் வற்றிய உடம்பு இரண்டு தடவை மடங்கி விழுந்தது. மலைக்கு அந்தப் பக்கம் போனபோது வானம் கறுத்துவிட்டிருந்தது. கடலில் குதித்துத் தீவுக்கு நீந்தினான்.

சிவப்புச் சாயம் பூசிய ஆட்கள் படகுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரிலிருந்து எழுந்து வந்தவனைப் பார்த்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். பேய் வந்திருந்தால்கூட இவ்வளவு மிரண்டிருக்க மாட்டார்கள்.

"இரட்டைப் பாறைக்கு அப்புறம் நேரே போகக்கூடாது. இடப்பக்கம் ஒட்டிப் போகணும். சொல்ல மறந்துட்டேன்," என்றான் தெக்ரி, மூச்சு வாங்க.

மாமனார் பாறையைப்பற்றிக் கேட்கவில்லை. மருமகனின் ஈரக் காலையும் கையிலிருந்த கத்தியையும் பார்த்தார்.

"அப்போ அந்தப் புள்ள ஒன்னுது இல்லயா?"

யாரும் சிரிக்கவில்லை. கேட்டதில் தப்பும் இல்லை. எந்தத் தகப்பனும் மறந்துபோன ஒன்றுக்காக இறங்கி வரமாட்டான். ஆள் அனுப்புவான், கத்துவான், அழுவான். இறங்கி வருகிறவன், எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒட்டு இல்லை என்று ஊரறியச் சொல்லுகிறான். என் பிள்ளைதான், உங்களையெல்லாம் சாகடிக்கப் பார்த்தேன், அதனால்தான் அதைப் பணயம் வைத்து ஓடி வந்தேன் என்று சொன்னால் தீர்ந்துவிடும். இன்னொரு வழியும் இருந்தது. அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று கவாரேயைக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லார் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். கவாரே போர்த்தடியை மார்போடு பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். தெக்ரி அந்த வார்த்தையை விழுங்கினான். அவன் வாழ்நாளில் விழுங்கியதிலேயே கசப்பானது அதுதான்.

"முனையில நான் நிக்கறேன்," என்று மட்டும் சொன்னான்.

மழை வந்தது. ஆசைப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு, பாறைச்சுவரை ஒட்டிப் படகுகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனான். திரி பற்றவில்லை. வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியைத் தடியாகப் பிடித்துச் சுழற்றினார்கள். வெளிவேலி விழுந்தது, புகையிலைக் கொட்டகைகளுக்குள் எண்ணெய் ஊற்றித் தீ வைத்தார்கள். உள்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. சில பேர் திரும்பவில்லை. ஆனால் பெண்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். இசூலி மார்பில் பிள்ளை சுற்றிய துணிமூட்டையோடு வந்தாள். கவாரே தடியைக் கீழே போட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் இடுப்புப் பையைத் திறந்து அவளிடம் காட்டினான். பூஞ்சை பிடித்த ரொட்டி ஓரங்களைப் பார்த்து அவள் அழுத அழுகையில் ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

விருந்து கவாரேக்குத்தான் நடந்தது. விரதம் முடிக்கிற வழக்கப்படி, அகூட்டி என்கிற பெரிய காட்டெலியின் பல்லால் அவன் தோளைக் கீறி, மிளகாய்த் தண்ணீர் ஊற்றி, அவன் சேர்த்த ஓரங்களைக் கள்ளில் நனைத்து எல்லாரும் தின்றார்கள். சண்டைக்கு நடுவிலும் விரதம் காத்தவன் என்று அதையே அவனுக்குப் புதுப்பெயராக வைத்தார்கள். அவனும்தான் தொட்டிலில் கிடக்கவில்லை, அவனும்தான் சண்டைக்குப் போனான். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தெக்ரிக்கு வழிகாட்டியதற்காக முதுகில் தட்டிக் கொடுத்தார்கள், கண்ணைப் பார்க்கவில்லை. அவன் கூடையிலிருந்த ஓரங்களை எறும்பு தின்றது. கோட்டையில் மறுபடி வேலி போடுகிற சத்தம் காற்றில் வந்துகொண்டிருந்தது, இன்னொரு சண்டை வரும், அப்போது வழி தெரிந்தவன் என்று தன்னைத் தேடுவார்கள் என்பதுகூட அவனுக்கு ஆறுதலாக இல்லை. கவாரேயின் பிள்ளையைக் கையில் வாங்கிக் கொஞ்சுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

பாறையைப்பற்றி அலூயா யாரிடமும் சொல்லவில்லை. ஊர் வாய்க்கு அவள் பயப்படவும் இல்லை. "அவங்க கெடக்கறாங்க. நீ நம்பறியா?" என்று ஒருதரம்தான் கேட்டாள். நம்புகிறேன் என்றான் தெக்ரி. அப்போது மனசாரத்தான் சொன்னான்.

ஆனால் பிள்ளை நன்றாக இருந்தது. காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை, தொப்புள்கூடச் சுத்தமாக ஆறிவிட்டது. அத்தனை கொடியை வெட்டியிருக்கிறான், உப்புத் தண்ணீரில் நீந்தியிருக்கிறான், ஆள்மேல் ஆயுதம் வீசியிருக்கிறான். அதில் ஒன்றுகூடவா அதன்மேல் விழவில்லை? பிள்ளை தூங்கும்போது அதன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பான், நெற்றியில் கை வைப்பான். பார்க்கிறவர்களுக்குப் பாசக்காரத் தகப்பன்போலத் தெரியும்.

ஒரு காலை அவன் வலை பின்னிக்கொண்டிருந்தான். அலூயா மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அதற்கு இருமல் வந்தது. மறுபடியும் இருமியது, முகம் கன்றி, மூச்சுக்குத் திணறி, பிஞ்சுக் கைகள் விறைத்து அழுதது. தெக்ரி வலையைப் போட்டுவிட்டுத் திரும்பினான். அன்று வெட்டியது இதன்மேல் விழுந்துவிட்டது, என்னுடையதுதான், என்னுடையதேதான் என்று அவன் நெஞ்சு துள்ளியது, முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நிமிர்ந்தபோது அலூயா பிள்ளையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே எழுந்து பெண்கள் இருக்கிற வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை அவன் கையில் அவள் கொடுக்கவே இல்லை.